தப்பு நடுவில் இருக்கட்டும்

(கண்டாவளைப் பகுதியில் வாழும் மலையக வம்சாவழிக் குடும்பங்களின் பிள்ளைகள் காமன் கூத்தை மேடையேற்ற ஆயத்தமாகி வருகிறார்கள். அவர்கள் அழைத்ததன் பேரில் அங்கே சென்ற, தோட்டப் பாடசாலை ஆசிரியரும் நமது சங்கத்தின் அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை.)



காமன் கூத்தை ஒரு மணித்தியாலத்தில் ஆடி முடிக்கும் பாட்டு நாடகமாகப் போடப்போகிறோம், ஆட்டம் அமைக்க உதவி செய்யுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் நடனம் படித்தவர்கள் அல்ல. பாடசாலையில் கற்பிக்கிறோம், பின்னேரத்தில் சங்க வேலை பார்க்கிறோம். மாசி மாதம் பிறந்தால் காமன் பொட்டலில் கண் விழித்து வளர்ந்தவர்கள் என்பதைத் தவிர வேறு தகுதி எங்களுக்கு இல்லை. அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு நாலு விஷயம் சொல்கிறோம். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுப் பின்னேரம் உங்கள் ஒத்திகையைப் பார்த்தோம். பிள்ளைகள் உழைத்திருக்கிறார்கள். பாடமும் பாட்டும் மனதில் நிற்கின்றன. ஆனால் தப்பு இல்லை. கீபோர்டில் பதிந்த இசை ஓடுகிறது, அதற்குப் பரத அடவு வைத்து ரதியும் மதனும் ஆடுகிறார்கள். தப்பு எங்கே என்று கேட்டோம். ஒரு தம்பி சொன்னார், "தப்பு வைத்தால் தோட்டக்காட்டார் நாடகம் என்று சொல்லுவார்கள் சேர்." இன்னொரு தங்கச்சி இன்னும் மெதுவாகச் சொன்னாள், "தப்பு அடிக்க யாரும் வரமாட்டார்கள், வந்தால் வீட்டில் ஏசுவார்கள்." இந்த இரண்டு பதில்களும்தான் இன்றைக்கு நாங்கள் பேச வந்த விஷயம். காலை எங்கே வைப்பது, கையை எப்படித் தூக்குவது என்பதெல்லாம் இதற்குப் பிறகு வருவது.

முதலாவது பதில். உங்கள் தாத்தா பாட்டிமார் இந்த மண்ணுக்கு எப்படி வந்தார்கள் என்று வீட்டில் கேட்டிருப்பீர்கள். 1958 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் உண்டு. 1973, 74இல் தோட்டத்தில் மாவும் அரிசியும் இல்லாமல் பட்டினி கிடந்து வந்தவர்கள் உண்டு. 1977இலும் 1983இலும் லயத்துக்குத் தீ வைத்தபோது உடுத்த துணியோடு வந்தவர்கள் உண்டு. காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள், அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றார்கள். பிறகு யுத்தம் வந்து எல்லோரையும் போல இவர்களையும் திரும்பத் திரும்பக் கிளப்பியது. இத்தனைக்குப் பிறகும் "வடக்கத்தையான்" என்ற சொல் காதில் விழுகிறது. மலையகத்திலிருந்து வந்தோம் என்று சொல்லாமல் இருந்தால் நல்லது என்று ஒரு தலைமுறை நினைத்திருந்தால், அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் காமன் கூத்தைத் தெரிவு செய்துவிட்டீர்கள். தெரிவு செய்த பிறகு தப்பை மறைத்து என்ன பயன்? பார்க்க வருகிறவர்களுக்குக் கதை தெரியும். நீங்கள் யார் என்பதும் தெரியும். இல்லாமல் போவது ஆட்டம் மட்டும்தான்.

ஏன் அப்படிச் சொல்கிறோம்? காமன் கூத்தின் ஆட்டம் தப்பிலிருந்து பிறப்பது. தாளக்காரர் ஆட்டக்காரருக்குப் பின்னால் ஓடுவதில்லை. அடி மாறினால் கால் மாறும், அடி நின்றால் கால் நிற்கும். எங்கள் தோட்டத்தில் ரதி மதனுக்கு ஓர் அடி, தூதனுக்கு ஓர் அடி, எமனுக்கு ஓர் அடி. வீரபத்திரன் வருகிற அடி கேட்டால் சின்னப் பிள்ளைகள் தாயின் சேலைக்குள் போய்விடுவார்கள், ஆளை இன்னும் பார்த்திருக்க மாட்டார்கள். பதிந்த இசையில் இது நடக்காது. பதிந்த இசை யாருக்காகவும் காத்திருக்காது. ரதி அழுது முடிக்க இன்னும் நாலு மூச்சு வேண்டும் என்றால், எதிரே நின்று முகத்தைப் பார்க்கிற தப்புக்காரர் அந்த நாலு மூச்சைத் தருவார். கீபோர்ட் தராது.

ஆகவே நாங்கள் சொல்லும் முதல் ஒழுங்கு இதுதான். ஒத்திகையின் முதல் கிழமை பாட்டும் வேண்டாம், வசனமும் வேண்டாம். தப்பை நெருப்பில் காய்ச்சி, தோல் இறுகி, சத்தம் ஏறிய பிறகு, எல்லோரும் வட்டமாக நடக்க வேண்டும். வெறும் நடை. ரதியாக வருகிற பிள்ளை, கோமாளியாக வருகிற பிள்ளை, உடுப்பு எடுத்துக் கொடுக்கிற பிள்ளை, எல்லோரும். மூன்றாம் நாளில் யாருடைய கால் எந்த அடிக்குத் தானாகப் போகிறது என்று தெரியும். பாத்திரத்தை அப்போது பிரித்துக் கொடுங்கள். இப்போது நிறம் பார்த்தும் உயரம் பார்த்தும் ரதியைத் தெரிந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறோம், கோபிக்க வேண்டாம்.

அடுத்தது மூச்சு. நேற்று மதனாக ஆடிய தம்பி இரண்டாவது பாட்டில் களைத்துப்போனார். ஆடிக்கொண்டே முழுப்பாட்டையும் பாடினால் யாருக்கும் அப்படித்தான். கூத்தில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஆடுகிறவர் ஓர் அடியைப் பாடுவார், பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவார்கள். திருப்பிப் பாடும் நேரம்தான் ஆட்ட நேரம், அதுதான் மூச்சு வாங்கும் நேரமும். பாடும்போது கால் சின்னதாக நிற்கவேண்டும், பிற்பாட்டு எழும்பும்போது கால் விரியவேண்டும். இதை மட்டும் சரியாகப் பிடித்தால் பாதி ஆட்டம் அமைந்துவிடும். பிற்பாட்டுக்கு ஆள் இல்லை என்று சொன்னீர்கள். இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாமாரைக் காட்டி நாங்கள் கேட்கிறோம், இவர்கள் யார்? தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த குரல் வேறு எங்கே கிடைக்கும்?

மேடைக்காகச் சுருக்குவது பற்றிக் கேட்டீர்கள். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்குவது பாவம் என்று நாங்கள் நினைக்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்று மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். அப்போது அவர் செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரை வரவழைத்துப் பல்கலைக்கழக மாணவருக்கு ஆட்டம் பழக்கச் சொன்னார். படித்தவர்கள் இருக்கும் இடத்தில் கிராமத்து அண்ணாவியார் குருவாக நின்றார். நீங்களும் அதையே செய்யவேண்டும். இங்கேயே எங்காவது ஒரு வளவில், சின்ன வயதில் மதன் வேஷம் கட்டிய ஒரு தாத்தா இருப்பார். கால் எழும்பாவிட்டாலும் பரவாயில்லை. கதிரை போட்டு உட்காரவையுங்கள். வாயால் அடி சொல்வார்.

இங்கே உங்களுக்கு எங்களுக்கு இல்லாத ஒரு செல்வமும் இருக்கிறது. காத்தவராயன் கூத்தைக் கோயில் வீதிகளில் பார்த்து வளர்ந்திருக்கிறீர்கள். அந்தச் சிந்துநடை உங்கள் காலில் உண்டு. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து இருக்கிறது. காமன் கூத்துக்குள் சிந்துநடை வரலாமா என்று கேட்டால், எங்கள் எண்ணம் இது: ரதி மதன் ஆட்டத்துக்குள் வேண்டாம், அதைத் தப்போடு விடுங்கள். தூதன் வரும்போது சிந்துநடையில் வரட்டும். அவன் வேறு இடத்திலிருந்து வருகிறவன்தானே. பார்க்கிற அயலவர்களுக்கு அந்த நடை தெரிந்தவுடன் அவர்களும் கூத்துக்குள் வந்துவிடுவார்கள்.

பழைய கூத்துக்குள் புதிய விஷயம் பேசலாமா என்ற சந்தேகமும் சிலருக்கு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்த காலத்தில், என்.கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் காத்தவராயன் கூத்து முறையில் ஆடினார்கள். கோயில் கதவைத் திற என்று கூத்துக் கேட்டது. 1969இல் மௌனகுரு 'சங்காரம்' எழுதி வடமோடி ஆட்டத்தைத் தொழிலாளர் கதைக்குக் கொண்டுவந்தார். நமது மலையகத்தில் இது இன்னும் பழையது. 1931இல் தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யர், 1937இல் 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்று நாடகம் எழுதினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடுவார், அந்தப் பாட்டுக்களை 1940இல் புத்தகமாகவும் போட்டார். பேச்சைக் கேட்டுக் கொட்டாவி விட்டவர்களும் பாட்டுக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். இன்று இங்கே சிலர் கொட்டாவி விடுவது எங்களுக்கும் தெரிகிறது.

சரி, கதைக்கு வருவோம். தவத்தில் இருக்கும் சிவனின் தவத்தைக் கலைக்க வேண்டும். வேலை தேவர்களுடையது, லாபமும் தேவர்களுடையது. அனுப்பப்படுகிறவன் மதன். ஓலை வருகிறது. ரதி கெட்ட கனவு கண்டு, போகாதே என்கிறாள். கட்டளை, மீற முடியாது என்கிறான் மதன். போகிறான், எரிகிறான். அனுப்பியவர்களில் ஒருவருக்கும் உடம்பில் ஒரு சூடு இல்லை. தோட்டத்து மக்கள் இந்தக் கதையை இத்தனை வருஷமாக விடாமல் ஆடி வந்தது சாமிக்காக மட்டும் என்று நாங்கள் நம்பவில்லை. ஒரு காலத்தில் கங்காணி கையிலிருந்த துண்டுதான் ஒரு குடும்பம் எந்தத் தோட்டத்துக்குப் போகலாம் என்பதைத் தீர்மானித்தது. கடனையும் ஆளையும் சேர்த்து அந்தக் காகிதத்தில் எழுதிக் கைமாற்றினார்கள். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. ஓலை வரும் காட்சியில் பொட்டலைச் சுற்றி நிற்கும் கிழவிமார் தலையில் கை வைப்பது ஏன் என்று நமக்கு விளங்க வேண்டும்.

ஆகவே யார் எங்கே நிற்பது என்பதை இப்படி மாற்றிப் பாருங்கள். நேற்று நீங்கள் தேவர்களை முன்வரிசையில் நிறுத்தி, நல்ல உடுப்பெல்லாம் அவர்களுக்குக் கொடுத்திருந்தீர்கள். அவர்களை மேடையில் பின்னால், உயரத்தில், வாங்கு போட்டு உட்காரவையுங்கள். அவர்கள் ஆடவேண்டாம். நாடகம் முழுக்க அங்கேயே அசையாமல் இருக்கட்டும். தூதன் மேடைப் பக்கத்திலிருந்து வராமல், சனத்துக்கு நடுவே ஓலையோடு வரட்டும். பார்க்கிற ஒவ்வொருவரும் அது தன்னிடம் வருகிறதோ என்று ஒரு கணம் நினைக்கவேண்டும். ரதியும் மதனும் வாதாடும் பாட்டுக்கு நீங்கள் வைத்திருக்கும் பத்துப் பேர் குழுநடனத்தை எடுத்துவிடுங்கள். இரண்டு பேர் மட்டும். எதிரெதிரே நின்று, ஒரு வரிக்கு ஒருவர் இடம் மாறி, வட்டம் சிறுத்துக்கொண்டே வரட்டும். கடைசி வரியில் மதன் வட்டத்தை விட்டு வெளியே ஒரு கால் வைத்தால் போதும், அவன் போகப்போகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எரிக்கும் காட்சி. பொட்டலில் அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் கம்பம் ஊன்றி, காப்புக் கட்டி, விரதம் இருந்து, பௌர்ணமியில் எரிப்பது நேர்த்தி. அது நேர்த்தி வைத்தவர்களுக்கு உரியது. மேடையில் பிரதம அதிதிக்காகக் கம்பம் எரிக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறோம். புகை இயந்திரமும் வேண்டாம். சிவன் கண் திறக்கும்வரை தப்பு ஏறிக்கொண்டே போகட்டும். திறந்தவுடன் நிற்கட்டும். மண்டபம் முழுவதும் ஒரு சத்தமும் இல்லாமல் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். பிறகு ரதியின் குரல் தனியாக வரவேண்டும், ஒலிபெருக்கி இல்லாமல். அந்தப் பத்து எண்ணுவதுதான் உங்கள் நாடகத்தில் மிகக் கஷ்டமான ஆட்டம். அசையாமல் நிற்கப் பழகுவதற்கு இரண்டு ஒத்திகை ஒதுக்குங்கள்.

தொடக்கத்தில் ஒரு கொழுந்து நடனம் சேர்த்திருக்கிறீர்கள். மலையகத்தைக் காட்டத்தானே? 2023இல் மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள், அந்த வருஷம் நாட்டில் பார்த்த மேடைகளிலெல்லாம் கொழுந்து நடனம்தான். பளபளக்கும் சேலை, சின்னக் கூடை, முகம் நிறையச் சிரிப்பு, ஒரு கையால் ஒரு இலை கிள்ளி இடுப்பைத் திருப்புகிறார்கள். எங்கள் அம்மாமார் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு வேறு. அவர்கள் இரண்டு கையாலும் எடுக்கிறவர்கள். கை நிறைந்தபின் தோளுக்கு மேலால் பின்னால் வீசுவார்கள், திரும்பிப் பார்ப்பதில்லை. மட்டக்கம்பைச் செடிமேல் வைத்து அளவு பார்ப்பார்கள். இடுப்பில் படங்கு கட்டியிருக்கும், காலில் அட்டை ஏறியிருக்கும். கூடையின் பாரம் நெற்றியிலும் கழுத்திலும் இறங்கும். அதனால் அவர்களின் நடை முன்னால் சாய்ந்த நடை. நிறுவையில் கொழுந்தைக் கொட்டும்போது அத்தனை கண்ணும் தராசு முள்ளில் இருக்கும், தண்ணீருக்கும் கூடைக்கும் என்று எத்தனை கிலோ கழிப்பார்களோ என்று.

அந்த நடனம் வேண்டுமென்றால் இதை ஆடுங்கள். இந்தக் கை வேகம் ஒன்றே ஒரு தாளம். எட்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்று, தப்பின் பெரட்டு அடிக்கு இரண்டு கையாலும் எடுத்துப் பின்னால் வீசினால் அதைவிட அழகான குழு ஆட்டம் கிடையாது. பெரட்டுத் தப்பு தெரியும்தானே? விடியுமுன் ஆளை எழுப்பி வேலைக்குக் கூப்பிட அடித்த அடி. அதே தப்பில், அதே கையால், ராத்திரி காமனுக்கும் அடித்தார்கள். இந்த நடனம் முடிய அடி மாறி ரதி மதன் அடியாகட்டும், நாடகம் தானாகத் தொடங்கும். ஆனால் சினிமாவைப் பார்த்து அமைக்காதீர்கள். இங்கே ஒரு காலத்தில் கொழுந்தெடுத்த பாட்டிமார் இருக்கிறார்கள். கூடையைக் கொடுத்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். முதுகு மறந்திருக்காது.

இனி அந்தத் தங்கச்சி சொன்ன இரண்டாவது பதில். தப்பு அடிக்க யாரும் வரமாட்டார்கள், வீட்டில் ஏசுவார்கள். இதை ஒளிக்காமல் பேசவேண்டும். மற்றவர்கள் நம்மைத் தோட்டக்காட்டான் என்றால் நமக்குக் கோபம் வருகிறது. நமக்குள்ளே தப்பு அடிப்பவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினால் அதற்கு என்ன பெயர்? தோட்டங்களில் கல்யாணம், சாவு, திருவிழா எதுவும் தப்பில்லாமல் நடப்பதில்லை. அடிப்பவருக்குச் சோறு தனி இலையில், தனி இடத்தில். இதைப் பார்த்து வெறுத்துத்தான் பல குடும்பங்களில் பிள்ளைகள் தப்பைத் தொடமாட்டேன் என்றார்கள். அவர்கள் வெறுத்தது தோலையும் குச்சியையும் அல்ல, அந்த இலையை. எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு போட்டியில் தப்போடு ஆடிய பிள்ளைகளுக்கு, "இது சாவு மேளம், மேடைக்கு ஆகாது" என்று நடுவர் ஒருவர் புள்ளி குறைத்தார். அந்தப் பிள்ளைகளோடு அன்று இரவு பஸ்ஸில் திரும்பிவந்தது எங்களுக்கு மறக்காது. ஒருவரும் பேசவில்லை. ஆனால் அடுத்த மாசியில் அதே பிள்ளைகள் பொட்டலில் தப்பு எடுத்தார்கள், அதில் இரண்டு பெண் பிள்ளைகள்.

ஆகவே தப்புக்காரரை மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால் வைக்காதீர்கள். வட்டத்தின் நடுவில் வையுங்கள். ஆட்டம் அவர்களைச் சுற்றி நடக்கட்டும். இதில் நாடகத்துக்கும் லாபம் உண்டு: ஆடுகிறவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிப்பவரின் கை தெரியும், தாளம் தவறாது. வெளியூரிலிருந்து பெரியவர்களைக் கூப்பிட்டால் போக்குவரத்துச் செலவும் நாட்கூலியும் கொடுங்கள். கலைதானே, சும்மா வாருங்கள் என்று சொல்வது கைக்காசு கொடுக்காமல் ஞாயிறு வேலைக்குக் கூப்பிடுவது போலத்தான். ஒலிபெருக்கிக்காரருக்குக் காசு கொடுக்கிறீர்கள், தோரணக்காரருக்குக் கொடுக்கிறீர்கள். நோட்டீஸில் அவர்களின் பெயரும் மற்றவர்களின் பெயர் போலவே முன் எழுத்தோடு வரவேண்டும். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தியில். இதற்கு ஒத்துக்கொள்ளாத வீட்டுக்காரர் இருந்தால் நாங்கள் இன்று மாலை உங்களோடு வந்து பேசுகிறோம். சங்க வேலையில் இதைவிடக் கஷ்டமான வாசல்களில் எல்லாம் நின்றிருக்கிறோம்.

பெண் பிள்ளை ரதியாக ஆடலாமா என்று ஒரு அம்மா துண்டு எழுதி அனுப்பியிருக்கிறார். பொட்டலில் வழிவழியாக ஆண்கள்தான் ரதி வேஷம் கட்டினார்கள். அங்கே என்ன செய்வது என்பதைக் காப்புக் கட்டுகிறவர்கள் பேசித் தீர்மானிக்கட்டும். மேடையில் தடை எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் ஆண் பிள்ளையைப் போல் அவளுக்கும் இரவு ஒத்திகைக்குப் பிறகு வீட்டுக்குப் போகத் துணை வேண்டும். அதற்கு யார் பொறுப்பு என்று இந்தக் கூட்டத்திலேயே பெயர் எழுதிக்கொள்ளுங்கள். பாதிப் பெண் பிள்ளைகள் நாடகத்தை விட்டுப் போவது ஆட்டம் வராததால் அல்ல, திரும்பிப் போகும் ரோட்டில் வெளிச்சம் இல்லாததால்.

தப்பு இரண்டு எங்கள் தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறோம். வெளியே வேம்புக்குக் கீழே சருகு கூட்டி வைத்திருக்கிறது. தேநீர் குடித்தபின் காய்ச்சுவோம். ஏழு மணிக்கு நடை பழகத் தொடங்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். இடையில் கேள்வி இருந்தால் இப்போதே கேட்டுவிடுங்கள், தப்பு தொடங்கினால் எங்களுக்குக் காது கேட்காது.